வியட்நாம் மலைநாட்டின் பரண்வீடுகள்

வியட்நாமின் வடமேற்கு மலைகளிலும் நடுப்பகுதி மேட்டுநிலத்திலும் வாழும் பல இனத்தார், மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் பலகையோ பிளந்த மூங்கிலோ பரப்பி, அந்தத் தளத்தின்மேல் வீடு கட்டி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தளம் சில ஊர்களில் இடுப்பளவு உயரம், சில ஊர்களில் ஓராள் உயரம். ஏணியிலோ படியிலோ ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வடக்கே தை, முவோங், டாய் மக்களும், நடுமேட்டுநிலத்தில் ஏதே, ஜராய், பானார் மக்களும் இந்த வழக்கத்துக்குப் பேர்போனவர்கள்.

மலையில் வாழ்வோர் எல்லோரும் பரண்வீட்டுக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குளிர் கடுமையான உயரங்களில் குடியிருக்கும் மோங் மக்கள் மண்தரையிலேயே வீடு எழுப்புகிறார்கள். நடுமேட்டுநிலத்து முனோங் கார் பிரிவினரின் நீண்ட வீடுகளும் தரைவீடுகள்தாம். பிரெஞ்சு மானுடவியலாளர் ஜார்ஜ் கோந்தொமினா 1948–49இல் அவர்களுடைய சார் லுக் என்ற ஊரில் தங்கியிருந்து அந்த வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். சாவோ இனத்தாரில் சிலர் சரிவில் பாதி வீட்டைத் தரையிலும் மீதிப் பாதியைத் தூணிலும் நிறுத்துகிறார்கள். ஒரே மலைத்தொடரில் அடுத்தடுத்து வாழ்பவர்கள் இத்தனை விதமாகக் கட்டும்போது, சரிவான நிலம்தான் பரண்வீட்டைத் தோற்றுவித்தது என்ற எளிய விளக்கம் நிற்பதில்லை.

பழைய சான்றுகளும் அந்த விளக்கத்துக்கு எதிராகவே இருக்கின்றன. செவ்வாற்றுச் சமவெளியில் 1893இல் கிடைத்த நோக் லூ வெண்கல முரசு, தோங் சோன் பண்பாட்டைச் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதன் முகத்தில் வட்ட வட்டமாகச் செதுக்கிய காட்சிகளில் நெல் குத்துபவர்களும் இறகு சூடிய ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே தூக்கிய தளமும் இருபுறம் வளைந்தெழும் கூரையும் கொண்ட வீடுகள் தெரிகின்றன. கூரை முகட்டில் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பரண்வீடு சமவெளிக்கும் சொந்தமாக இருந்த ஒன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுச் சீன ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் சமவெளியின் கின் மக்கள் மெல்ல மெல்லத் தரைவீட்டுக்கு மாறினார்கள். மாறிய பிறகும் ஊர்ப் பொதுமண்டபத்தில் பழைய அமைப்பு தங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த தின் பாங் மண்டபத்தில், குட்டைத் தூண்களின்மேல் நிற்கும் மரத்தளத்தை இன்றும் பார்க்கலாம். இன்று மலைவாசிகளின் அடையாளமாகப் பேசப்படும் வீடு, சமவெளி கைவிட்டதால் மலைக்கு மட்டும் உரியதாகிப்போன வீடு.

மலையில் அது நிலைத்ததற்குக் காரணங்கள் பல. மழைக்காலத்தில் ஊறும் தரை, பாம்பு, பூச்சி, ஒரு காலத்தில் புலி. தளத்தின் அடியில் எருமையையும் பன்றியையும் கட்டலாம், விறகு அடுக்கலாம், தறி போடலாம். இவற்றோடு மலேரியாவையும் சேர்க்க வேண்டும். ஹனோயில் மருத்துவம் கற்பித்த பிரெஞ்சு மருத்துவர் ழாக் மே, நோய்க்கும் வாழிடத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய தமது எழுத்துகளில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மலையோடைகளின் தெளிந்த நீரில் பெருகும் அனோஃபிலிஸ் மினிமஸ் கொசு உயரப் பறப்பதில்லை. பரண்வீட்டில் மனிதர்கள் அதன் பறக்கும் மட்டத்துக்கு மேலே தூங்குகிறார்கள். கீழே கட்டியிருக்கும் கால்நடைகளிடம் கொசு தன் பசியைத் தீர்த்துக்கொள்கிறது. வீட்டுக்குள்ளேயே எரியும் அடுப்பின் புகை மிச்சத்தை விரட்டுகிறது. சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்களோ தங்கள் வழக்கப்படி தரைவீடு கட்டி, மாட்டுக்குத் தனித் தொழுவம் போட்டு, சமையலை வெளியே வைத்துக்கொண்டார்கள். காய்ச்சலில் சாகவும் செய்தார்கள். மலைப் பேய்கள் அடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் உண்டு. கொசுவின் வேலை இன்னதென்று யாருக்கும் தெரியாத காலத்தில் உருவான வீட்டமைப்பு இது. நோயைத் தடுக்கவே அப்படிக் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கட்டியவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்லலாம்.

வடக்கத்தி வீட்டின் பிறப்பைப் பற்றி முவோங் மக்களின் நெடுங்காப்பியத்தில் ஒரு கதை வருகிறது. பிடிபட்ட ஆமை ஒன்று, தன்னைக் கொல்லாமல் விட்டால் வீடு கட்டும் விதத்தைச் சொல்லித் தருவதாக வாக்களிக்கிறது. தன் நான்கு கால்களைப் போலத் தூண் நடு, விலா எலும்பைப் போலக் கைமரம் வை, ஓட்டைப் போலக் கூரை வேய் என்று தன் உடம்பையே வரைபடமாகக் காட்டுகிறது. பக்கத்து இனத்தவரான தை மக்களிடமும் இதன் சாயல் உண்டு. கறுப்புத் தை பிரிவினரின் வீட்டுக் கூரை இரு முனைகளிலும் ஆமையோட்டைப் போலவே உருண்டு இறங்கும். முகட்டின் இரு நுனிகளில் குறுக்கிட்டு நிற்கும் சோடி மரங்களுக்கு காவ் குட் என்று பெயர். வெள்ளைத் தை பிரிவினர் கூரையை நேர்க்கோணமாக முடித்துவிடுகிறார்கள்.

பழைய வீடுகளில் தூணை மண்ணில் புதைத்தார்கள். இயற்கையாகவே கவையுள்ள மரமாகப் பார்த்து வெட்டி, அந்தக் கவையில் உத்தரத்தை உட்கார வைத்து, பிரம்பாலும் கொடியாலும் இறுகக் கட்டினார்கள். புதைத்த அடி சில ஆண்டுகளில் இற்றுப்போகும். பிறகு வேறு தூண் தேட வேண்டும். காட்டைச் சுட்டுப் பயிரிட்டு, நிலம் ஓய்ந்ததும் இடம் மாறுபவர்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. பள்ளத்தாக்குகளில் நீர்பாய்ச்சி நெல் விளைத்து நிலைகொண்டவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் மெல்ல வேறு முறைக்கு வந்தார்கள்: தூணைக் கல்லின்மேல் நிறுத்தி, துளையும் நாக்கும் வெட்டி மரத்தோடு மரத்தைப் பூட்டுவது. ஆணி தேவையில்லை. தூணடி இற்றுப்போகாது. பூட்டைத் தட்டிக் கழற்றினால் மொத்த வீடும் மரக்குவியலாகிவிடும்; வேறிடத்தில் அதே வரிசையில் மறுபடி பூட்டலாம். இந்தக் கழற்றிப் பூட்டும் வசதிக்குப் பிற்காலத்தில் வேறொரு பயன் வந்தது.

வீடு கட்டுவதில் பெரும் பொழுது மரம் சேர்ப்பதில் போகும். ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் மரம் பார்த்து, பருவம் பார்த்து வெட்டும். வெட்டிய மரத்தையும் மூங்கிலையும் மாதக்கணக்கில் குளத்துச் சேற்றில் ஊறப்போடுவார்கள். மாவுச்சத்து கரைந்து போனால் பூச்சி அரிக்காது. தளத்துக்குப் பெருமூங்கிலைப் பிளந்து தட்டிப் பாயாக விரிப்பார்கள். நடக்கும்போது லேசாக அமுங்கும். இடுக்கு வழியாகக் காற்று ஏறும், குப்பை கீழே விழும். கூரைக்குத் தருப்பையின் உறவான உயரப் புல், சில பகுதிகளில் பனையோலை. அடுப்புப் புகை நாள்தோறும் ஏறி ஓலையைக் கறுக்க வைத்துப் புழு விழாமல் காக்கும். ஆள் குடியிராத வீடு அதனால்தான் சீக்கிரம் கெட்டுவிடுகிறது.

சட்டகத்தை நிமிர்த்தும் நாளில் ஊரே திரளும். இந்த ஒத்தாசையைச் சமத்துவத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பது சரியாகாது. முவோங் நாட்டில் லாங் எனப்பட்ட பரம்பரைத் தலைவர்களின் பெரிய வீடுகளுக்கு மரம் வெட்டிச் சுமப்பதும் கூரை மாற்றுவதும் குடிகள்மேல் விழுந்த கட்டாய வேலையாக இருந்தன.

தை வீட்டின் உட்புறத்தில் சுவர் குறைவு, ஒழுங்கு அதிகம். வீட்டின் இரு முனைகளிலும் படிக்கட்டு. ஒரு முனை ஆண்களுக்கும் விருந்தாளிக்கும், மறு முனை பெண்களுக்கு. படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும். அடுப்பு இரண்டு: விருந்தாளிகள் சுற்றி உட்காரும் அடுப்பு ஒன்று, சமையலடுப்பு ஒன்று. முன்னோருக்கு உரிய மூலையை ஒட்டிக் குடும்பத்தில் மூத்தவர்களின் படுக்கை. அடுத்து மணமான மகன்கள், பிறகு மற்றவர்கள் என்று ஒரே பக்கமாக வரிசை நீளும். இடையில் திரையும் கறுப்புக் கொசுவலையும்தான் தடுப்பு. யார் எங்கே படுக்கிறார் என்பதைப் பார்த்தே குடும்பத்தில் அவர் யார் என்று அறியலாம். புதுமனை புகும்போது முதல் தீயை மூட்டும் உரிமை பெண் கொடுத்த வீட்டு ஆண்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்குத் தாய்மாமன் முறையாகிறவர்களுக்கு உண்டு. தந்தைவழி வீடு தாய்மாமன் கைத் தீயில்தான் தொடங்குகிறது.

நடுமேட்டுநிலத்துக்கு இறங்கினால் உறவுமுறை தலைகீழாகிறது. சாம் மொழிக்கு நெருங்கிய மொழி பேசும் ஏதே இனத்தார், புவோன் மா துவோட்டைச் சுற்றிய டாக் லாக் பகுதியின் பழங்குடிகள். அவர்களிடம் வம்சம் தாய்வழி. மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண்வீட்டார். மணமானதும் ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறான். ஒரு மகளுக்குத் திருமணமானால் வீட்டின் பின்பக்கம் இன்னும் ஒரு கண்ணறை கூட்டப்படும். இப்படிப் பாட்டி, அவள் மகள்கள், மகள்களின் மகள்கள் என்று ஒரே கூரையின்கீழ் சேரச் சேர வீடு நீளும். ஐம்பது அறுபது மீட்டர் நீள வீடுகள் சாதாரணம். நூறு மீட்டர் தாண்டியவையும் இருந்தன. ஒரு வீட்டின் நீளத்தைக் கண்டே அந்தக் குடும்பத்தின் பெண்மக்கள் பெருக்கத்தையும் செல்வத்தையும் அயலூரார் மதிப்பிட்டுவிடுவார்கள்.

நீண்ட வீடு வடக்கு தெற்காக நிற்கும். பக்கச் சுவர்கள் மேலே போகப்போக வெளிப்புறம் சாய்ந்திருக்கும். கூரை முகடு அடித்தளத்தைவிட நீண்டு முன்னும் பின்னும் துருத்தும். எட்ட நின்று பார்த்தால் கரையேற்றிய படகைப் போலிருக்கும். கடல்வழி வந்த முன்னோரின் நினைவு இது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அழகான ஊகம்தான், நிரூபணம் இல்லை. முன்திண்ணைக்கு ஏறப் படிகள் இரண்டு. ஒன்று அகலமானது, ஒரே அடிமரத்தில் வெட்டியது. அதன் மேல்நுனி படகுமுனையாக வளைந்திருக்கும். அதில் பிறைநிலவும் இரு முலைகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஏறுபவர்கள் கடைசிப் படியில் அந்த முலைகளில் கைவைத்துத்தான் ஊன்றிக்கொள்வார்கள். பழைய வீடுகளில் அந்த இடம் மட்டும் பளபளத்துக் கிடக்கும். இது பெண்படி. பக்கத்திலுள்ள ஆண்படி குறுகலானது, அலங்காரமற்றது.

உள்ளே நுழைந்ததும் வருவது கா எனப்படும் பொதுக்கூடம். பஞ்சாயத்து, விருந்து, சடங்கு எல்லாம் இங்கே. பின்பகுதியான ஓக், குடும்பங்களின் படுக்கையறைகளும் அடுப்புகளும் அமைந்த பகுதி. கூடத்தின் ஒரு சுவரோரமாக க்பான் என்ற நீண்ட இருக்கை கிடக்கும். பத்து மீட்டருக்கு மேல் நீளம், கால்கள் உட்பட ஒரே மரத்தில் குடைந்தது, ஒட்டு கிடையாது. அத்தகைய மரத்தைக் காட்டில் தேடிப் பிடித்து, பலி கொடுத்து, நின்ற இடத்திலேயே வெட்டிச் செதுக்கி, ஊர் ஆண்கள் தோளில் சுமந்து வந்து வீட்டில் ஏற்ற வேண்டும். அத்தனை பேருக்கும் சோறும் கள்ளும் போடும் வசதி உள்ள வீட்டாரால்தான் க்பான் செய்ய முடியும். வெண்கலச் சேகண்டிக் குழுவினர் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பானாரும் ஜராயும் நடந்துகொண்டே வாசிப்பவர்கள். ஏதே இனத்தாரின் உட்கார்ந்து வாசிக்கும் முறை இந்த இருக்கையையும் கூடத்தையும் நம்பியே வளர்ந்தது. சேகண்டிப் பண்பாடு 2005இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றபோது, கருவியும் இசையும் பேசப்பட்ட அளவுக்கு அவை ஒலித்த கூடம் பேசப்படவில்லை.

கூடத்தின் நடுவே, கம்பங்களில் கட்டி நிறுத்திய சாடிகளில் சோற்றுக்கள். நீண்ட மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் முறையில் பெண்களின் மூப்புக்குத் தனி இடம் உண்டு. பழஞ்சாடிகளும் சேகண்டிகளும் வீட்டின் பொதுச்சொத்து. மூத்த பெண்ணின் பொறுப்பில் இருக்கும், பங்கு பிரிக்கப்படாது. இந்தச் சொத்து சிதறாமலிருக்க மணவழக்கமும் துணைநின்றது: கணவனோ மனைவியோ இறந்தால், இறந்தவரின் வம்சத்திலிருந்தே மாற்றுத்துணை கொடுக்க வேண்டும். ஏதே காப்பியமான தாம் சானின் நாயகன் முரண்டு பிடிப்பது இந்த விதியோடுதான். 1914 முதல் 1926 வரை டாக் லாக்கில் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த லெயோபோல் சபாத்தியே, இந்தக் காப்பியத்தையும் ஏதே வழக்காற்றுச் சட்டங்களையும் திரட்டிப் பதிப்பித்தார். காப்பியம் 1927இல் பிரெஞ்சில் வெளிவந்தது. சட்டத்திலும் காப்பியத்திலும் வீடும் உறவும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

வடக்கே கோன் தும் பக்கத்துப் பானார் மக்களின் குடியிருப்பு வீடுகள் சிறியவை. அவர்களின் பெருமை ஊர்நடுவே நிற்கும் ரோங் என்ற பொதுவீடு. கோடரி அலகை நிமிர்த்தி வைத்தது போன்ற செங்குத்துக் கூரை பதினைந்து இருபது மீட்டர் உயரம் போகும். மணமாகாத இளைஞர்கள் இரவில் அங்கே படுத்தார்கள், ஆயுதங்களும் பலியிட்ட எருமைகளின் மண்டையோடுகளும் அங்கே இருந்தன, ஊர்க்கூட்டமும் அங்கேதான். ஏதே ஊர்களில் ரோங் கிடையாது. நீண்ட வீட்டின் கா கூடமே அந்த வேலையைச் செய்துவிட்டதால் அதற்குத் தேவை எழவில்லை. பானார் கட்டும் முறையின் சாயல் கோன் தும் நகரத்தின் மரத் தேவாலயத்திலும் இருக்கிறது. உயர்த்திய தளத்தின்மேல் 1913–1918இல் கட்டிய அது இன்றும் வழிபாட்டில் உள்ளது.

இருபதாம் நூற்றாண்டு இவ்வீடுகளை முதலில் மரமாகப் பார்த்தது. 1953 நவம்பரில் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் இறங்கிய பிரெஞ்சுப் படை, பதுங்கு குழிகளுக்கு மரம் போதாமல் அங்கிருந்த தை வீடுகளைக் கழற்றிப் போட்டது. அடுத்த ஆண்டுகளில் வடக்கே அமைந்த அரசு, சுகாதாரம் கருதி வீட்டடியிலிருந்து கால்நடைகளை வெளியேற்றச் சொன்னது. அதே காலத்தில், 1958இல், ஹோ சி மின் ஹனோயில் குடியேறியது டாய் மக்களின் பாணியில் கட்டிய ஒரு பரண்வீட்டில். பிரெஞ்சு எதிர்ப்புப் போரின்போது வடக்கு மலைகளில் வாழ்ந்த வாழ்க்கையின் நினைவாக அதை விரும்பிக் கேட்டிருந்தார். கட்டடக் கலைஞர் நுயென் வான் நின் வரைந்து கொடுத்தார். மலையாரின் வீட்டை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தியது அந்த வீடுதான்.

பெரிய மாற்றம் அணைகளோடு வந்தது. 1979இல் தொடங்கி 1994இல் முடிந்த ஹோவா பின் அணைக்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் முவோங், தை மக்கள், பள்ளத்தாக்கை விட்டு ஏறினார்கள். 2005இல் தொடங்கி 2012இல் திறந்த சோன் லா அணை ஏறத்தாழ 20,000 குடும்பங்களை எழுப்பியது. கல்மேல் நிறுத்திய வீடுகளைக் கழற்றி, மரங்களைப் படகிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு போய்ப் புதிய மனைகளில் பூட்டினார்கள். வீடு வந்து சேர்ந்தது. குளமும் நீர்ப்பாசன வயலும் மூங்கில் காடும் வரவில்லை. அடுத்த முறை ஒரு தூணை மாற்ற வேண்டியபோது மரம் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த மனைகளில் விடை இல்லை.

டாக் லாக்கில் கதை வேறு. போர்க்காலத்தில் பல ஊர்கள் பெயர்த்து வைக்கப்பட்டன. 1975க்குப் பின் சமவெளியிலிருந்தும் வடக்கு மலைகளிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்து குடியேறினார்கள். காடு காப்பித் தோட்டமானது. வியட்நாம் உலகின் இரண்டாவது பெரிய காப்பி உற்பத்தி நாடாக உயர்ந்தது இந்த மண்ணை வைத்துத்தான். 1993 நிலச் சட்டப்படி நிலப் பயன்பாட்டுச் சான்றுகள் தனித்தனிக் குடும்பத் தலைவர் பெயரில், பெரும்பாலும் ஆண்கள் பெயரில், வழங்கப்பட்டன. கணவன் மனைவி இருவர் பெயரும் வேண்டும் என்று சட்டம் சொன்னது 2003இல். பாட்டி பெயரில் பொதுவாக இருந்த நிலம் மருமகன்களின் பெயர்களில் துண்டாகப் பிரிந்தது. காப்பி விற்ற பணமும் அவரவர் பெட்டிக்குப் போனது. தனித் தோட்டம், தனிக் கணக்கு என்று ஆனபின் தனி வீடு வர அதிக நாள் ஆகவில்லை. மகளுக்குத் திருமணமானால் பின்பக்கம் கண்ணறை கூட்டுவதற்குப் பதிலாகப் பக்கத்து மனையில் சிமெண்டு வீடு எழுந்தது. நீண்ட வீடு மறைந்ததற்கு மரப் பஞ்சத்தைக் காரணம் சொல்வது வழக்கம். மரப் பஞ்சம் உண்மைதான். நடுமேட்டுநிலத்தின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2016இல் அரசு அடியோடு நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்பே வீடு குறுகத் தொடங்கிவிட்டது. பத்திரத்தில் யார் பெயர் என்ற கேள்வி மரத்துக்கு முந்தியது.

மீட்புப் பணிகளின் பலன் ஏறுமாறானது. ரோங் வீடுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில் கான்கிரீட் தூணும் தகரக் கூரையும் வைத்து அரசு கட்டிக் கொடுத்தவற்றில் பல, கூட்டம் நடக்கும் நாளைத் தவிரப் பூட்டியே கிடந்தன. தங்கள் கையால் கட்டாததையும் உச்சியில் தகரம் காய்வதையும் ஊர்க்காரர்கள் குறையாகச் சொன்னார்கள். ஹனோயில் 1997இல் திறந்த இனவியல் அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. முற்றத்தில் நிற்கும் 42.5 மீட்டர் ஏதே நீண்ட வீட்டையும், 2003இல் எழுந்த பானார் ரோங்கையும் அந்தந்த ஊர்க்காரர்களே வந்து தங்கள் முறைப்படி கட்டினார்கள். மாய் சாவ் பள்ளத்தாக்கின் லாக் ஊரில், 1990களிலிருந்து வெள்ளைத் தை குடும்பங்கள் தங்கள் பரண்வீட்டில் பயணிகளுக்குப் பாய் விரித்துச் சம்பாதிக்கின்றன. விரிந்த ஒரே தளத்தில் திரை கட்டிப் பலர் படுக்கும் பழைய ஏற்பாடு அந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்திவிட்டது.

பிற இடங்களில் பழைய வீடுகளின் தூண்கள் விலைபோகின்றன. சமவெளி உணவு விடுதிகளும் ஓய்வில்லங்களும் முழு வீட்டையே கழற்றி வாங்கிச் செல்கின்றன. விற்ற குடும்பம் கான்கிரீட் தூண் நிறுத்தி, அதன்மேல் மரத்தளமோ ஓட்டுத்தளமோ போட்டுக் கூரைக்குத் தகடு வேய்கிறது. கீழே எருமை நின்ற இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துச் சமையலறையோ மளிகைக் கடையோ ஆக்கி, மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொள்கிறது. முன்னோர் மூலையும் விருந்தாளிகளின் இடமும் மேல்தளத்திலேயே இருக்கின்றன.